திட்டாத வாய்

எங்கள் கரையில் திட்டாமல் ஒரு வேலையும் நடக்காது. வலை கிழிந்தால் வலையைத் திட்டுவோம், அதைப் பின்னியவனைத் திட்டுவோம், அவனைப் பெற்றவளையும் விட மாட்டோம். ம்வேரா காற்று தெற்கிலிருந்து கிளம்பி மூன்று நாள் ஏரியைப் புரட்டினால் காற்றுக்கே வசவு விழும். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாதிரியார் எங்களைத் திட்டுவார். வெளியே வந்ததும் அவர் பிரசங்கத்தின் நீளத்தை நாங்கள் திட்டுவோம். எங்கள் ஊர் சன்வேயாவில் ஒருத்தி உன்னைத் திட்டவில்லை என்றால் அவளுக்கு உன்மேல் அக்கறை இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஊரில்தான், இனிமேல் யாரையும் திட்டுவதில்லை என்று நியாலோங்வே பச்சைப் பனியன் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

பெண்களைத் தகப்பன் வீட்டுப் பெயரோடு 'நியா' சேர்த்துத்தான் நாங்கள் கூப்பிடுவோம். லோங்வே வீட்டுப் பெண் என்பதால் அவள் நியாலோங்வே. நாற்பது வயதிருக்கும். வாட்டசாட்டமான உடம்பு, முன்பற்களுக்கு நடுவே சந்து. அந்த வருஷம் சுகாதார நிலையத்துக்கு ஊருக்கு ஒரு பெண் வேண்டும் என்று ஆள் எடுத்தார்கள்; எங்கள் ஊருக்கு அவள், பச்சைப் பனியன்தான் சீருடை. தலைநகரிலிருந்து வந்த ஒரு அம்மாள் மூன்று நாள் சபைக் கூடத்தில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார். நோயாளி என்று சொல்லக் கூடாது, கிளையண்ட் என்று சொல்ல வேண்டும். மாத்திரையை ஏன் போடவில்லை என்று கேட்கக் கூடாது, போடுவதில் எது கஷ்டமாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். முகம் சுளிக்கக் கூடாது. கிளம்பும் முன் பாராட்ட ஏதாவது ஒன்றைத் தேடிப் பிடித்துப் பாராட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இந்த வேலைக்கு கோச் என்று பெயராம். எங்களுக்குத் தெரிந்த கோச் பள்ளிக்கூட மைதானத்தில் பையன்களை நாறடித்து ஓடவிடுகிற அலெக் ஒருவன்தான்.

"எந்த டீமுக்கும்மா கோச்சு?" என்று கேட்டேன்.

"இருமுற டீமுக்கு," என்றாள்.

அவளுக்குக் கிடைத்த முதல் ஆள் என் பக்கத்து வீட்டு வெட்சன் முவாலே. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு நாணல் வேலிதான். அவனும் நானும் படகுக்காரர் கிரெஷமிடம் ஒரே படகில் வலை இழுப்பவர்கள். தண்ணீரைப் பார்த்தே கீழே மீன் கூட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லிவிடுவான். குளிர் காலத்தில் தொடங்கிய இருமல் அவனை விடவில்லை. சளியைச் சோதித்து டிபி என்றார்கள். ஆறு மாதம், தினமும் மாத்திரை.

நியாலோங்வே முதல்முறை வந்த காலையில் வெட்சனின் மனைவி நியாமாண்டா முற்றத்து நாணல் பரணில் உசிபாவைக் காயப் பரப்பிக்கொண்டிருந்தாள். உசிபா விரல் நீளம்கூட இல்லாத பொடி மீன். வெயில் சாய்வதற்குள் நாலு தடவை புரட்டிவிடாவிட்டால் புழு வைத்துவிடும். நியாமாண்டா ஒல்லிக்குச்சி, ஆனால் குரல் எட்டு வீட்டுக்குக் கேட்கும். அவர்கள் ஒரே மகள் தெம்வா ஐந்து வயது. பரணுக்கு அடியில் உட்கார்ந்து கீழே விழுந்த மீனைப் பூனைக்கு முன்னால் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வா நியாலோங்வே. உன் கிளையண்ட் மகாராசா உள்ள படுத்திருக்காரு. மாத்திரையப் பாத்தா முதலையப் பாத்த மாதிரி முழிக்கிறாரு."

"முழுங்கிட்டேன்டி," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எங்க முழுங்குன? நேத்து முழுங்குனதயெல்லாம் கோழிக்கு முன்னாடி கக்கி வச்ச. இனிமே அந்தக் கோழிக்கு டிபியே வராது."

நியாலோங்வே சிரிக்கவில்லை. நிழலில் பாயைப் போட்டு வெட்சனை உட்காரவைத்தாள். "அண்ணே, மாத்திரை போடறதுல எது உங்களுக்குக் கஷ்டமா இருக்கு?"

வெட்சன் கொஞ்ச நேரம் யோசித்தான். "பொண்டாட்டி," என்றான்.

வேலிக்கு இந்தப் பக்கம் நான் சிரித்தது அவர்களுக்குக் கேட்டுவிட்டது. நியாமாண்டா கையிலிருந்த மீனை என்மேல் வீசினாள். ஆனால் நியாலோங்வே காத்துக்கொண்டேயிருந்தாள். யாரும் அவசரப்படுத்தாமல் பதிலுக்குக் காத்திருப்பது எங்கள் ஊரில் நடக்கிற காரியமில்லை. வெட்சனுக்கே சங்கடமாகிவிட்டது.

"வெறும் வயித்துல போட்டா குடல் பொரளுது கோச்சு. இவ அடுப்புப் பத்த வைக்கிறதே பத்து மணிக்கு."

"மீனை உங்கப்பனா பொரட்டுவான்?" என்றாள் நியாமாண்டா.

முந்தின நாள் மரவள்ளிக் களியில் ஒரு உருண்டையை மூடி வைத்து, காலையில் அதைத் தின்றுவிட்டு மாத்திரை போடலாமா என்று அவர்களே பேசி முடிவெடுத்தார்கள். நியாலோங்வே வாயால் அதைச் சொல்லவில்லை. அவர்களைச் சொல்ல வைத்தாள். போகும்போது, "மறைக்காம சொன்னீங்க பாருங்க அண்ணே, அது பெரிய விஷயம்," என்று பாராட்டிவிட்டுப் போனாள். இரண்டு வாரத்தில் வாந்தி நின்றது. இரண்டு மாதத்தில் கன்னத்தில் சதை வைத்தது. அவள் வேலையில் விஷயம் இருக்கிறது என்று நானே நாலு பேரிடம் சொன்னேன். பிறகு அவன் படகுக்குத் திரும்பினான், அங்கேதான் எல்லாம் கெட்டது.

நிலா இல்லாத பதினைந்து நாள்தான் எங்களுக்குப் பிழைப்பு. விளக்கு கட்டி மீனைக் கூட்டி, விடிகிற நேரத்தில் கரை திரும்புவோம். நிலாக் காலத்தில் விளக்குக்கு மீன் மயங்காது. படகை மணலில் ஏற்றிவிட்டுத் தூங்குவோம். வெட்சன் திரும்பி வந்த முதல் இருட்டுக் காலத்தில், ஒரு விடியற்காலை, வலையை ஏற்றி முடித்து எல்லோரும் களைத்துக் கிடக்கும்போது அவன் படகு விளிம்பில் நின்று ஒன்றுக்குப் போனான். பளீரென்று ஆரஞ்சு நிறத்தில் போனது. அந்த மாத்திரை அப்படித்தான் செய்யும்.

"டேய், வெட்சன் ஃபாண்டா குடிச்சிருக்கான்டா," என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தோம். சிரித்தவர்களில் நானும் ஒருவன். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை.

எங்களில் மூத்தவன் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. சுரங்கத்துக்குப் போய் வந்த தன் மச்சானுக்கும் இதே நிறத்தில் போனது, அவன் செத்தது பெயர் சொல்லக் கூசுகிற அந்த நோயில் என்று சொன்னான். படகில் ஒரே குவளைதான். ஏரியில் முக்கி ஆளுக்கு ஆள் கைமாற்றிக் குடிப்போம். அன்று வெட்சன் குடித்து வைத்த குவளையை அடுத்தவன் எடுக்கவில்லை. கரை சேர்ந்ததும் கிரெஷம் அவனைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். கெட்ட மனிதர் இல்லை, வெட்சனை அவருக்குப் பிடிக்கும்.

"நீ வேண்டாம்னு நான் சொல்லல வெட்சன். பயலுவ பயப்படுறானுவ. தண்ணி எப்பத் தெளிவா வருதோ அப்ப நீ படகுக்கு வா."

இவ்வளவுதான் அவர் சொன்னது. வெட்சன் அதைப் பிடித்துக்கொண்டான். மாத்திரையை இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தான், தண்ணீர் தெளிந்துவிட்டது. பிறகு அவனாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டான். இருட்டுக் காலத்தில், படகுக்குப் போகிற நாட்களில், மாத்திரையைத் தொடுவதில்லை. நிலாக் காலத்தில் வீட்டில் கிடக்கும்போது நாளுக்கு இரண்டு பங்காகப் போட்டுவிடுவது. மாதம் முடிந்து சுகாதார நிலையத்துக்கு அட்டையைக் கொண்டுபோனால் ஒரு மாத்திரைகூட மிச்சம் இருக்காது. நர்ஸ் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தாளில் சரி என்று போடுவாள். மீனவன் மூளை நிலாவை வைத்துத்தான் ஓடும். அவன் மருந்தை ஏமாற்றுவதாக நினைக்கவே இல்லை. படகில் நின்று எல்லோரும் பார்க்கத் தெளிவாக ஒன்றுக்குப் போனான், நாங்களும் அவன் குவளையில் குடித்தோம். எங்களுக்கும் நிம்மதியாக இருந்தது.

நியாலோங்வேக்கு இது தெரிய வந்தது நாலாம் மாதம். வழக்கமாக மாதக் கடைசியில் வருகிறவள், அந்த முறை நடு மாதத்தில், நல்ல இருட்டுக் காலத்தில் வந்தாள். அட்டையைக் கேட்டாள். தொடாத அட்டைகள் கட்டாக இருந்தன. வெட்சன் பதறவில்லை. தன் ஏற்பாட்டை அவளுக்கு விளக்கினான், அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"நிலா வரட்டும் கோச்சு. ஒண்ணு விடாம உள்ள போயிடும். எனக்குக் கணக்குத் தப்பாது."

நியாலோங்வேயின் முகம் மாறவில்லை. மாறக் கூடாது என்று பயிற்சி.

"திட்டு," என்றாள் நியாமாண்டா பரணுக்கு அருகிலிருந்து. "நான் சொல்லிச் சொல்லி வாய் நொந்துட்டேன். நீ திட்டு அவன."

"நியாமாண்டா, கொஞ்சம் பொறு."

"என்ன பொறு? பசங்க சிரிக்கிறானுவளாம், அதுக்காக மருந்த மூடி வைக்கிறானாம். மானம் போயிடுமாம். உசுரு போனா மானத்த எங்கடா வச்சுப்ப?"

"இவ பேச்சக் கேட்டியா?" என்றான் வெட்சன் நியாலோங்வேயிடம். "இதுக்குத்தான் உன்ன எனக்குப் பிடிக்கும். நீ வந்தா இந்த வீட்ல மனுசன மதிச்சு ஒரு பேச்சு நடக்குது."

அவள் வெகுநேரம் அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: "விடாம கணக்கு வச்சிருக்கீங்க அண்ணே. அது நல்ல விஷயம். தினமும் போட்டாத்தான் பூச்சி சாகும்னு நர்ஸ் சொல்றாங்க. படகுக்கும் போயிட்டுத் தினமும் போடறதுக்கு என்ன வழின்னு யோசிச்சுச் சொல்றீங்களா?"

"யோசிக்கிறேன் கோச்சு," என்றான்.

யோசித்தான். அடுத்த மாதமும் யோசித்தான்.

அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது நியாமாண்டா வேலியோரம் மறித்துக்கொண்டாள். நான் வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தேன், இருவரும் பேசியது கேட்டது.

"உனக்கு வாயில புண்ணா? ஒரு வார்த்த உறைக்கிற மாதிரி சொன்னா என்ன?"

"சொன்னா நாளைக்கு நான் வரும்போது பின்பக்கமா ஓடிடுவாரு. இப்ப உண்மைய என்கிட்ட சொல்றாரு. அதுவும் போயிடும்."

"உண்மைய வச்சு என்ன பண்ணப்போற? நர்ஸ்கிட்ட சொல்லேன்."

"நர்ஸ் கூப்பிட்டு வரிசையில நிக்கவச்சுக் கிழிப்பா. எனக்குத் தெரியும் நியாமாண்டா. நானே அப்படிக் கிழிச்சவ."

பிறகு தன் தங்கையைப் பற்றிச் சொன்னாள். எத்தேல் என்று பெயர். அவளுக்கும் ஒரு மாத்திரை நோய்தான், என்ன நோய் என்று சொல்லவில்லை. மாத்திரையை விட்டுவிட்டாள் என்று தெரிந்ததும், சுகாதார நிலைய வரிசையில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் நியாலோங்வே அவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். செத்துத் தொலையப்போகிறாயா என்று கேட்டாளாம். எத்தேல் வரிசையை விட்டு விலகி நடந்தாள். புருஷன் வேலை பார்த்த புகையிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். அந்தப் பக்கம் எந்த மருந்துக்கும் பெயர் பதியவில்லை. எட்டு மாதம் கழித்துச் சேதிதான் வந்தது.

"எத்தேலுக்கு நான் அக்கா," என்றாள் நியாமாண்டாவிடம். "திட்டி என்ன கெடச்சுது?"

நியாமாண்டா சைக்கிளுக்கு வழி விட்டாள். பரணுக்குத் திரும்பி மீனைப் புரட்டினாள். நியாலோங்வேயின் தாளில் அன்றைக்கும் 'மாத்திரைக் கணக்கு சரி' என்றே எழுதப்பட்டது. நர்ஸிடம் அவள் வாயைத் திறக்கவில்லை. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். வெட்சனின் தண்ணீர் தெளிந்தது ஏன் என்று படகில் எங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் குவளையில் குடித்தோம்.

மழை தொடங்குவதற்கு முன்பே இருமல் திரும்பியது. இந்தத் தடவை ரத்தம் சேர்ந்து வந்தது. விலா எலும்பை எண்ணுகிறபடி ஆனான். சளியைத் தலைநகருக்கு அனுப்பி முடிவு வர ஒன்றரை மாதம் பிடித்தது. அந்தப் பூச்சிக்கு மாத்திரை பழகிவிட்டது, இனி அது கேட்காது, வேறு மருந்து, ஊசி என்று எழுதியிருந்தார்கள். ஊசி பதினோரு நாள்தான் போட்டார்கள். மேலே தகரத்தில் மழை விழுந்து பேச்சே கேட்காத ஒரு மதிய நேரத்தில் வெட்சன் போய்விட்டான். கடைசி வாரத்திலும் நியாலோங்வே தினமும் வந்தாள். "இன்னிக்கு ரெண்டு வாய் கஞ்சி குடிச்சிட்டீங்க அண்ணே," என்று பாராட்டினாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டே கிடந்தான்.

புதைத்த பிறகு மூன்று நாள் பெண்கள் துக்க வீட்டில் பாய் விரித்துப் படுத்திருப்பது வழக்கம். நியாலோங்வேயும் இருந்தாள். ஆண்கள் நாங்கள் வெளியே மழைக்குத் தகரத்தடியில் ஒண்டிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் காலை, எல்லோரும் கிளம்புகிற நேரத்தில், நியாமாண்டா எழுந்து அவள் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அந்தப் பெரிய குரல் காணாமல் போயிருந்தது.

"நீ நல்லவ. உன் வாயில இருந்து இந்த வீட்ல ஒரு கெட்ட வார்த்த விழல. நான் திட்டினா அது பொண்டாட்டி திட்டு, பொழுது விடிஞ்சா விழுறது. அவன் காதுல ஏறாது. நீ ஒரே ஒரு நாள், இந்த வேலியோரம் நின்னு, ஊர் கேக்க அவனக் கிழிச்சிருந்தீன்னா வெக்கப்பட்டுப் போட்டிருப்பான். உன் வார்த்தைக்கு அவன்கிட்ட அவ்வளவு மதிப்பு இருந்துச்சு. நீ அத செலவே பண்ணல."

நியாலோங்வே தலையை ஆட்டினாள். அது ஆமோதிக்கிற ஆட்டலா, பயிற்சியில் சொல்லிக்கொடுத்த ஆட்டலா என்று எனக்குத் தெரியவில்லை. பனியனின் ஓரத்தை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஈஸ்டர் வருவதற்குள் நியாமாண்டாவுக்கே இருமல் வந்தது. வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள். தெம்வாவுக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது, நியாமாண்டாவுக்கு இருந்தது. புருஷனுக்கு இருந்த அதே பூச்சி, மாத்திரைக்குப் பழகின பூச்சி. கை நிறைய மாத்திரையும், வாரத்தில் ஆறு நாள் ஊசியும், எட்டு மாதம். ஊசி போட ஐந்து மைல் தள்ளியிருக்கும் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அவளுக்கும் நியாலோங்வேயையே கோச்சாகப் போட்டார்கள். வேறு ஆள் இல்லை.

முதல் இரண்டு வாரம் பழைய நியாலோங்வேதான் வந்தாள். எது கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டாள். மூன்றாம் வாரம் ஒரு காலை, நியாமாண்டா இன்றைக்கு ஊசி வேண்டாம், புட்டத்தில் குத்த இடமில்லை, உட்கார முடியவில்லை என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வேலிக்கு இந்தப் பக்கம் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து வந்த குரல் யாருடையது என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

"எந்திரிடி. எந்திரிச்சு உக்காரு. புட்டம் வலிக்குதாம் மகாராணிக்கு. உன் புருசனுக்கு வெக்கம், உனக்கு வலி, ஆளுக்கு ஒண்ணு வச்சிருக்கீங்க. செத்தா வலிக்காது, சாகுறியா? சொல்லிடு, இப்பவே போயி பெட்டி செய்யச் சொல்றேன். அந்தப் புள்ளைய யாரு தலையில கட்டப்போற? எந்திரி."

பிறகு நியாமாண்டா சிரிக்கிற சத்தம் கேட்டது. வெட்சன் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

"இப்பத்தான் மனுசி மாதிரிப் பேசுற," என்றாள். எழுந்து துணியைச் சுற்றிக்கொண்டு வந்து சைக்கிளின் பின்னால் ஏறினாள்.

அதன் பிறகு தினமும் அதுதான். விடிந்தால் நியாலோங்வேயின் வசவு எங்கள் கரைக்கே கேட்கும். கோழிகள் அதற்குப் பழகிவிட்டன. மேட்டில் சைக்கிளை மிதித்துக்கொண்டே முன்னாலிருந்து திட்டுவாள், பின்னால் நியாமாண்டா ஒரு பக்கமாக உட்கார்ந்து பதிலுக்குப் பதில் கொடுப்பாள். மாத்திரையை ஒவ்வொன்றாக அவள் வாயில் போடும்வரை முன்னால் நின்று ஏசுவாள். எடை ஏறியது. மூன்றாம் மாதம் சளி சுத்தமாக வந்தது. நர்ஸ் நியாலோங்வேயை எல்லோர் முன்னாலும் பாராட்டினாள். நான் அவளை வழியில் பார்த்தபோது, "அந்தப் பச்சைப் பனியன மொதல்லயே கழட்டியிருக்கணும் போல," என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. எத்தேலையும் வெட்சனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் என்ன நினைத்தாளோ.

நாலாம் மாதத்தில் ஒரு நாள் நியாமாண்டா சொன்னாள்: "காதுக்குள்ள சில்வண்டு கத்துற மாதிரி இருக்கு நியாலோங்வே. ராத்திரி பகலா கத்துது. இந்த ஊசி போட்டதுல இருந்துதான்."

"ஆரம்பிச்சிட்டியா? நேத்துப் புட்டம், இன்னிக்குக் காது, நாளைக்கு மூக்கு. ஊசிக்கு டிமிக்கி குடுக்கத்தானே? வெட்சன் அண்ணனும் இப்படித்தான் என்கிட்ட நயமா ஒவ்வொண்ணா சொன்னாரு. அன்னிக்கு நான் வாய மூடிக்கிட்டு நின்னேன், இனிமே நிக்க மாட்டேன். ஏறு சைக்கிள்ல."

நியாமாண்டா ஏறினாள். காதைப் பற்றி அவள் மறுபடி பேசவில்லை.

நியாலோங்வேயின் தாளில் மாதாமாதம் நிரப்ப ஒரு கேள்வி இருந்தது: காதில் இரைச்சல் உண்டா? ஊசி காதைத் தின்னும் என்பது ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத் தெரியும். காதைச் சோதிக்கிற இயந்திரம் மாவட்டத் தலைமையிடமான போமாவின் ஆஸ்பத்திரியில் பழுதாகிக் கிடந்தது, அதனால் வாய்க்கேள்விதான் எல்லாம். நியாலோங்வே கேட்பாள், "காதுல இரைச்சல் இருக்கா?" அந்தக் கேள்வி அவள் வாயில் மிரட்டல் மாதிரிதான் வரும். "இல்ல," என்பாள் நியாமாண்டா. இல்லை என்ற கட்டத்தில் கோடு விழும். சைக்கிளில் போகும்போது நியாமாண்டாவின் பதில்கள் குறைந்து, எல்லாவற்றுக்கும் 'ம்' என்று ஆனது. மேட்டுக் காற்றில் அதுவே பதிலாக இருந்தது. அவளும் அடங்கிவிட்டாள், பக்குவப்பட்டுவிட்டாள் என்று நியாலோங்வே நினைத்திருக்கிறாள்.

ஆறாம் மாதம், பாதி வழியில், நியாலோங்வே கேட்டாள்: "தெம்வா இன்னிக்குப் பள்ளிக்கூடம் போனாளா, வீட்லதான் இருக்காளா?"

"ம்."

"போனாளா இல்லையாடி?"

"ம்."

சைக்கிளை நிறுத்தினாள். இறங்காமல், திரும்பாமல், முன்னால் பார்த்தபடியே அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு உரக்கக் கூப்பிட்டாள். பின்னாலிருந்து நியாமாண்டா, "ஏன் நிறுத்திட்ட, காத்து போயிடுச்சா?" என்று எதிர்த் தோட்டத்துக்காரன் திரும்பிப் பார்க்கிற குரலில் கேட்டாள்.

போமாவில் ஊசியை நிறுத்தினார்கள். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். உயிருக்கு இனி ஆபத்தில்லை, போன காது திரும்பாது என்றார் டாக்டர். இரைச்சல் தொடங்கியபோதே சொல்லியிருந்தால் அப்போதே ஊசியை மாற்றியிருக்கலாமே, தாளில் ஏன் இல்லை என்று எழுதியிருக்கிறது என்று நர்ஸ் நியாலோங்வேயைக் கேட்டாள். திட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள்.

பத்து நாள் நியாலோங்வே எங்கள் பக்கம் வரவில்லை. பனியனைத் திருப்பிக் கொடுக்கப்போகிறாள் என்று பேச்சு அடிபட்டது. பதினோராம் நாள் காலை வந்தாள். நியாமாண்டா பரணில் உசிபாவைப் பரப்பிக்கொண்டிருந்தாள். நல்ல வெயில், காற்றும் இல்லை. நான் வேலிக்கு இந்தப் பக்கம் வலையை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன்.

"வந்துட்டியா," என்றாள் நியாமாண்டா. தன் குரல் தனக்கே கேட்காததால் அது கரை முழுக்கப் போனது. "உக்காரு. மீன் கறி இருக்கு, களி கிண்டணும்."

நியாலோங்வே உட்காரவில்லை. தன் காதைத் தொட்டுக் காட்டினாள். பிறகு கையை விரித்தாள்.

"ஏன் சொல்லலன்னு கேக்கிறியா?" நியாமாண்டா மீனிலிருந்து கையை எடுக்கவில்லை. "சொன்னேனே ஒரு நாள். கிழிச்சுத் தொங்கவிட்ட. சரி, இவ திட்டுறா, நாம உசுரோட இருக்கோம், எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன். உன்னக் குத்தம் சொல்லல. நீ திட்டலைன்னா நான் அந்த ஆளு பக்கத்துலதான் படுத்திருப்பேன். வேணும்னு நான்தானே கேட்டேன்."

நியாலோங்வே ஏதோ சொன்னாள். எனக்கே கேட்கவில்லை.

"வாய அசைக்காத, எனக்குப் புரியாது. உன் மூஞ்சிய மட்டும் காட்டு. ரெண்டு மாசமா அதத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன். கோவமா, நல்லாருக்கேன்னு சொல்றியா, எல்லாம் எனக்கு மூஞ்சியிலயே தெரிஞ்சிடும்."

நியாலோங்வே பரணின் மறுபக்கம் போய் நின்று மீனைப் புரட்டத் தொடங்கினாள். இரண்டு பேருமாக ஒரு வரிசை முடித்தார்கள். ஈக்கள் மொய்த்தன. நியாமாண்டா சிறகுக் கட்டால் அவற்றை ஓட்டினாள். அவள் உடம்பு தேறியிருந்தது, தோளில் சதை பிடித்திருந்தது. பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து தெம்வா இருமினாள். சளி இல்லாத, வறண்ட இருமல். ஒருமுறை. சற்று நிறுத்தி, மறுபடி இரண்டு முறை.

என் ஊசி நின்றுவிட்டது. நியாலோங்வேயின் கையும் மீன்மேல் அப்படியே நின்றது. உள்ளே மறுபடி இருமல் கேட்டது. எத்தனை நாளாகவோ தெரியாது, அந்த வீட்டில் அதைக் கேட்க ஆள் இல்லை. நியாமாண்டா மட்டும் குனிந்து அடுத்த வரிசையைப் புரட்டிக்கொண்டே போனாள். எதிர்க் கை நின்றுவிட்டதைக் கண்டு நிமிர்ந்தாள். நியாலோங்வேயின் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன," என்றாள், ஊருக்கே கேட்கும்படி. "இப்ப நான் என்ன தப்புப் பண்ணேன்?"